பத்து நிமிடத்துக்கு ஒரு நல்ல ஆட்டம்: ஒன்லைன் சிறு விளையாட்டுகளும் சதுரங்கப் புதிர்களும், முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் மதிய வெயில் ஆளை வெளியே விடாது. மே, ஜூன் மாதங்களில் சொல்லவே வேண்டாம். நவம்பரில் மழை பிடித்தால் கடலும் கொந்தளிக்கும், டச்பே பக்கம் மாலை நடை போகிறவர்களும் வீட்டுக்குள் அடங்கிவிடுவார்கள். இது போக, நிலாவெளி பஸ் புறப்படும்வரை காத்திருக்கும் நேரம், ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம், ரியூசன் முடிந்து பிள்ளை வரும்வரை வாசலில் நிற்கும் நேரம் என்று ஒரு நாளில் பல துண்டுகள் சும்மா கிடக்கின்றன. அந்த நேரங்களில் எல்லோருடைய கையும் போனுக்குத்தான் போகிறது.

போகட்டும். அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் கையில் எடுக்கும் ஆட்டம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விளையாடி முடித்ததும் தலை தெளிவாக இருக்க வேண்டும், ஒரு சின்ன சந்தோஷம் இருக்க வேண்டும், பஸ் வந்தால் உடனே எழும்பிப் போக முடிய வேண்டும். அப்படிப்பட்ட ஆட்டங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி விளையாடுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். பாதிக்கு மேல் சதுரங்கப் புதிர்களைப் பற்றியே இருக்கும். என் கணிப்பில், சும்மா கிடக்கும் பத்து நிமிடத்துக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

முதல் படி: முடிவு உள்ள ஆட்டமா என்று பாருங்கள்

ஒரு விளையாட்டைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, இது எப்போது முடியும்? மிட்டாய் உடைப்பது, பண்ணை வளர்ப்பது போன்ற பல செயலிகளுக்கு முடிவே கிடையாது. ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம், உயிர் தீர்ந்தால் அரை மணி நேரம் பொறு அல்லது காசு கட்டு என்று இழுத்துக்கொண்டே போகும். நம்மை அங்கேயே பிடித்து வைப்பதற்காகவே அவற்றை அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

முடிவு உள்ள ஆட்டம் வேறு மாதிரி. வேர்டில் என்ற சொல் விளையாட்டைப் பாருங்கள். ஜோஷ் வார்டில் என்பவர் உருவாக்கி 2021-இல் வெளியிட்டது. 2022 தொடக்கத்தில் நியூயோர்க் டைம்ஸ் அதை வாங்கியது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல், ஆறு முயற்சிகள், அவ்வளவுதான். கண்டுபிடித்தாலும் விட்டாலும் மிச்சம் நாளைக்கு. ஆங்கில ஐந்தெழுத்துச் சொற்கள் என்பதால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினால் அவர்களுக்கும் பயன். சுடோகுவும் இதே வகைதான். 81 கட்டங்களும் நிரம்பினால் ஆட்டம் முடிந்தது. ஒரு சதுரங்கப் புதிர் இரண்டு மூன்று நகர்வுகளில் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: போனைத் தயார் செய்யுங்கள்

பிளே ஸ்டோரில் தேடி முதலில் வருவதை இறக்கிவிடாதீர்கள். சுடோகு என்று தேடினால் ஏராளமான செயலிகள் வரிசையாக வரும். பலவற்றில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வீடியோ விளம்பரம். ஆட்டத்துக்குப் போகும் டேட்டா மிகக் குறைவு, விளம்பரம்தான் ரீலோட் போட்ட காசைக் கரைக்கும். சிறு விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை பிரவுசரிலேயே விளையாடலாம், எதையும் இறக்கத் தேவையில்லை. பிடித்த பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்துவைத்தால் செயலி போலவே திறக்கும்.

செயலிதான் வேண்டும் என்றால், அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். ஒரு சுடோகு செயலிக்கு உங்கள் தொடர்பு எண்களும் இருப்பிடமும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள், மறுத்த பிறகு ஓடாவிட்டால் நீக்கிவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காசு வைத்து ஆடும் ரம்மி, லூடோ, அதிர்ஷ்டச் சக்கரம் எதையும் பொழுதுபோக்கு என்று நினைத்துத் தொடாதீர்கள். தொடக்கத்தில் கொஞ்சம் வெல்ல விடும், அப்புறம் விட்டதைப் பிடிக்க ஆடவைக்கும். 'இலவசமாக 500 ரூபாய் தருகிறோம்' என்று வட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளும் அதே இடத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும். வங்கி அட்டை எண்ணைக் கேட்கும் எந்த விளையாட்டும் இந்த வழிகாட்டிக்குள் வராது.

மூன்றாம் படி: இரண்டு சிறு விளையாட்டுகளை முறையாகப் பழகுங்கள்

பத்து விளையாட்டுகளை மேலோட்டமாகத் தெரிந்துவைத்திருப்பதைவிட இரண்டை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது இனிமை. நான் சிபாரிசு செய்வது 2048-உம் மைன்ஸ்வீப்பரும்.

2048-ஐ 2014 மார்ச்சில் காப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலிய இளைஞர் எழுதி, யாரும் இலவசமாக விளையாடும்படி விட்டார். நாலுக்கு நாலு கட்டம். ஒரு திசையில் தள்ளினால் எல்லா எண்களும் அந்தப் பக்கம் ஓடும், ஒரே எண்கள் மோதினால் சேர்ந்து இரட்டிப்பாகும். 2048 வந்தால் வெற்றி. புதிதாக ஆடுகிறவர்கள் நாலு பக்கமும் தள்ளி விரைவில் மாட்டிக்கொள்வார்கள். வழி இதுதான்: ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள், கீழ் இடது மூலை என்று வைத்துக்கொள்வோம். மிகப் பெரிய எண் எப்போதும் அங்கேதான் இருக்க வேண்டும். கீழேயும் இடதுபக்கமும் மட்டும் தள்ளிக்கொண்டு போங்கள். அது முடியாதபோது வலப்பக்கம். கீழ் வரிசை முழுதாக நிரம்பியிருக்கும்போது வலப்பக்கம் தள்ளினாலும் பெரிய எண் இடம் மாறாது, அதில் ஒரே எண்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் போதும். மேலே தள்ளுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும். தள்ளிவிட்டால் அடுத்த நகர்விலேயே கீழே இறக்குங்கள். கீழ் வரிசையில் எண்கள் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி வரும்படி அடுக்கினால் பாதி வேலை முடிந்தது.

மைன்ஸ்வீப்பரை வின்டோஸ் கணினிகளில் 1990-களிலிருந்தே பார்த்திருப்பீர்கள். கண்டபடி அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டவர்கள்தான் அதிகம். ஆனால் அது அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை, கடைசியில் சில இடங்களைத் தவிர எல்லாமே கணக்கு. கண்ணிவெடி மறைந்திருக்கும் கட்டங்களைத் தொடாமல் மற்றவற்றை எல்லாம் திறப்பதுதான் ஆட்டம். திறந்த கட்டத்தில் ஒரு எண் வந்தால் அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் அத்தனை கண்ணிகள் என்று அர்த்தம். 9-க்கு 9 கட்டமும் 10 கண்ணிகளும் உள்ள தொடக்க நிலையில் ஆரம்பியுங்கள். பிறகு இந்த இரண்டு வடிவங்களை மட்டும் மனதில் வையுங்கள். திறக்காத கட்டங்கள் ஒரு நேர்வரிசையாக இருக்க, அதை ஒட்டி 1-2-1 என்று எண்கள் நின்றால், இரண்டு 1-களுக்கும் நேர் எதிரே கண்ணி, நடுவில் உள்ள 2-க்கு எதிரே கண்ணி இல்லை, தைரியமாகத் திறக்கலாம். 1-2-2-1 என்று நின்றால் இரண்டு 2-களுக்கும் நேர் எதிரே கண்ணி. ஏன் அப்படி என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்குப் பிடிபடும் நொடிதான் இந்த விளையாட்டின் முழு இன்பமும்.

சுடோகு பற்றி ஒரு வரி போதும்: ஊகித்து எழுதாதீர்கள். ஒழுங்காக அமைத்த சுடோகுவுக்கு ஒரே விடைதான், அதை யோசித்தே கண்டுபிடிக்க முடியும்.

நான்காம் படி: சதுரங்கப் புதிர்களுக்குள் நுழைதல்

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியனானார். விஸ்வநாதன் ஆனந்துக்குப் பிறகு சென்னையிலிருந்து இன்னொருவர். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பிள்ளைகள் சிலரும் சதுரங்கம் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் முழு ஆட்டம் ஆட எதிராளி வேண்டும், நேரம் வேண்டும், தோற்றால் தாங்கும் மனமும் வேண்டும். புதிருக்கு இது எதுவும் வேண்டாம். ஒரு ஆட்டத்தின் மிகச் சுவையான நொடியை மட்டும் வெட்டி எடுத்து உங்கள் முன் வைப்பார்கள். இந்த இடத்தில் ஒரு நல்ல நகர்வு ஒளிந்திருக்கிறது, கண்டுபிடி. அவ்வளவுதான்.

எங்கே போவது? முதலில் லிசெஸ் (lichess.org) என்ற இணையத்தளம். 2010-இல் திபோ துப்ளெசி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. நன்கொடையில் ஓடுகிறது, விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, புதிர்களுக்கு எல்லையும் இல்லை. உண்மையில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்த 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிர்கள் அங்கே இருக்கின்றன. கணக்குத் திறக்காமலே விளையாடலாம். செஸ்.கொம் 2007-இலிருந்து இருக்கிறது. அழகான பக்கம், ஆனால் இலவசக் கணக்குக்கு ஒரு நாளில் குறிப்பிட்ட அளவு புதிர்கள்தான். அந்தக் கட்டுப்பாடே சிலருக்கு நல்லது.

காய்கள் எப்படி நகரும் என்று தெரியாதா? லிசெஸில் கற்கும் பகுதி ஒன்று இருக்கிறது. நட்சத்திரங்களைப் பொறுக்கும் சிறு விளையாட்டு மாதிரி ஒவ்வொரு காயையும் பழக்கிவிடும். முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

கட்டங்களின் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எட்டுச் செங்குத்து வரிசைகள், கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்கள். இடது கீழ் மூலை ஏ1, வலது மேல் மூலை எச்8. காய்களை ராஜா, ராணி, கோட்டை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். கோட்டையை யானை என்று சொல்கிறவர்கள் அப்படியே வாசிக்கலாம். இனி வரும் உதாரணங்களுக்கு ஒரு பலகையை எடுத்து அடுக்கிக்கொண்டால் நல்லது, தாளில் கட்டம் போட்டாலும் சரி.

ஐந்தாம் படி: கை போவதற்கு முன் கண்

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம், கொஞ்சம் நின்று பார்ப்போம். புதிர் திறந்ததும் ஏதாவது ஒரு காயை நகர்த்திப் பார்க்கத்தான் விரல் துடிக்கும். அடக்குங்கள். முழு விடையும் மனதில் தெரியும்வரை திரையைத் தொடக்கூடாது. இந்த ஒரு பழக்கம் இல்லாமல் ஆயிரம் புதிர் போட்டாலும் எதுவும் தங்காது.

முதலில் எதிராளி கடைசியாக என்ன ஆடினார் என்று பாருங்கள். லிசெஸ் புதிர் தொடங்கும்போது அந்த நகர்வைத் திரையிலேயே ஆடிக் காட்டும். அந்த நகர்வில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும்: ஒரு காய் தன் காவலை விட்டு வந்திருக்கும், அல்லது ஒரு வழி திறந்திருக்கும். அடுத்து எதிரி ராஜாவைப் பாருங்கள். தப்ப எத்தனை கட்டம் இருக்கிறது? பிறகு காவல் இல்லாமல் நிற்கும் காய்கள். இவ்வளவும் பார்த்த பிறகு நகர்வுகளைத் தேடும் ஒழுங்கு: செக் (ராஜாவைத் தாக்குவது), வெட்டு, மிரட்டல். முதலில் கொடுக்கக்கூடிய எல்லாச் செக்கையும், அது எவ்வளவு அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும், ஒவ்வொன்றாக யோசியுங்கள். பிறகு எல்லா வெட்டுகளையும். பிறகுதான் மிரட்டல்களை. ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் மிகச் சிறந்த பதில் எது என்று கேளுங்கள். உங்களுக்கு வசதியான பதிலை அவர் ஆடுவார் என்று நம்பக்கூடாது.

ஒரு உதாரணம். கறுப்பு ராஜா ஜி8-இல், அதன் முன்னால் எஃப்7, ஜி7, எச்7-இல் சிப்பாய்கள், ஏ2-இல் கறுப்புக் கோட்டை. வெள்ளைக்கு ராஜா ஜி1-இல், சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2-இல், கோட்டை டி1-இல். வெள்ளை ஆட வேண்டும். கோட்டை டி8-க்குப் போனால் செக். ராஜா எங்கே போவார்? எஃப்8-உம் எச்8-உம் அதே வரிசை, கோட்டையின் பிடியில். முன்னால் சொந்தச் சிப்பாய்களே சுவர். ஏ2-இல் உள்ள கோட்டையால் ஈ8-க்கோ எஃப்8-க்கோ ஒரே நகர்வில் வந்து மறிக்க முடியாது. செக்மேட். பின்வரிசை மேட் என்பது இதுதான். தொடக்க நிலைப் புதிர்களில் அடிக்கடி வரும் வடிவம்.

இப்போது அதையே கொஞ்சம் கடினமாக்குவோம். கறுப்புக் கோட்டை சி8-க்கு வந்து பின்வரிசையைக் காவல் காக்கிறது, கறுப்பு ராணி பி2-இல். வெள்ளைக்குக் கூடுதலாக டி3-இல் ஒரு ராணி, கோட்டை டி1-இலேயே. இப்போது செக், வெட்டு, மிரட்டல் ஒழுங்கில் தேடினால் ராணி டி8-க்குப் போகும் செக் கண்ணில் படும். ராணியையே கொடுப்பதா என்று மனம் பின்வாங்கும். கணக்கைப் போடுங்கள்: கறுப்புக்கு ஒரே பதில், சி8 கோட்டையால் ராணியை வெட்டுவது. உடனே டி1 கோட்டை டி8-இல் வெட்டினால் மேட். பயந்து ஒதுக்கிய நகர்வுதான் விடை. 'எவ்வளவு அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும்' என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது குதிரைக் கவை, அதாவது ஒரே குதிரை இரண்டு காய்களை ஒரே நேரத்தில் தாக்குவது. வெள்ளைக் குதிரை டி5-இல். கறுப்புக்கு ராஜா ஜி8, கோட்டை எஃப்8, ராணி சி8, சிப்பாய்கள் எஃப்7, ஜி7, எச்7. குதிரை ஈ7-க்குக் குதித்தால் ராஜாவுக்குச் செக், கூடவே சி8 ராணிக்கும் குறி. ஈ7-ஐ வெட்ட யாருமில்லை. ராஜா எச்8-க்கு ஒதுங்க வேண்டும், நீங்கள் ராணியை எடுப்பீர்கள், எஃப்8 கோட்டை குதிரையைத் திருப்பி எடுக்கும். ஒரு குதிரைக்கு ஒரு ராணி. குதிரை உள்ள புதிர்களில் எதிரியின் ராஜாவும் ராணியும் ஒரே நிறக் கட்டத்தில் நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால் கவை இருக்க வாய்ப்புண்டு, வேறு நிறமென்றால் அந்த இரண்டையும் ஒரே குதிரையால் சேர்த்துப் பிடிக்கவே முடியாது.

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த ஒன்று. கறுப்பு ராஜா எச்8, சிப்பாய்கள் ஜி7, எச்7, கோட்டை டி8, ராணி பி2. வெள்ளைக்கு ராஜா ஜி1, ராணி சி4, குதிரை ஜி5, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. குதிரை எஃப்7-இல் செக், ராஜா ஜி8. குதிரை எச்6-க்குப் போக, ராணியும் குதிரையும் சேர்ந்து இரட்டைச் செக். இரட்டைச் செக்குக்கு ராஜா நகர்வதைத் தவிர வேறு பதில் இல்லை. எஃப்8-க்குப் போனால் ராணி எஃப்7-இல் மேட். எச்8-க்குத் திரும்பினால் ராணி ஜி8-க்குப் போய்ச் செக். குதிரை காப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது, கோட்டைதான் வெட்டியாக வேண்டும். அந்தக் கோட்டையே ராஜாவின் கடைசி வாசலையும் அடைத்துவிடும். குதிரை மறுபடி எஃப்7, மேட். சொந்தக் காய்களுக்கு நடுவே மூச்சுத் திணறி முடியும் ராஜா. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் அச்சான நூலிலேயே இந்த உத்தி இருக்கிறது. இன்றும் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

ஆறாம் படி: உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

லிசெஸில் கணக்குத் திறந்தால் புதிர் மதிப்பெண் 1500-இல் தொடங்கும். தொடக்கத்தில் அது வேகமாக இறங்கும், கலங்க வேண்டாம், உங்கள் இடத்தைத் தேடுகிறது, அவ்வளவுதான். மிகக் கடினமாக இருந்தால் கடின அளவைக் குறைக்கலாம், மிக எளிது என்பதைத் தேர்ந்தால் உங்கள் மதிப்பெண்ணைவிட 600 குறைவான புதிர்கள் வரும். பெரும்பாலானவற்றைச் சரியாகப் போட்டு, சிலவற்றில் மட்டும் தடுமாறினால் அதுவே சரியான அளவு.

வகைவாரியாகவும் போடலாம். முதல் இரண்டு வாரம் ஒரே நகர்வில் மேட் மட்டும், பிறகு பின்வரிசை மேட், பிறகு கவை, பிறகு கட்டிப்போடுதல் (பின்னால் இருக்கும் பெரிய காய்க்காக முன்னால் உள்ள காய் நகர முடியாமல் நிற்பது) என்று போங்கள். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் கண் பழகும். பழகிய பிறகு கலவையாகப் போடுங்கள், ஏனென்றால் உண்மை ஆட்டத்தில் 'இது கவை' என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

புதிர் தப்பினால் விடையைப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். நீங்கள் நினைத்த நகர்வுக்கு எதிராளி என்ன பதில் ஆடுவார் என்பதை ஆய்வுப் பலகையில் ஆடிப் பாருங்கள். தப்பிய புதிரிலிருந்து கிடைப்பது, சரியாகப் போட்டதிலிருந்து கிடைப்பதைவிட அதிகம்.

நேரம் ஓடும் வகைகளும் உண்டு. லிசெஸில் புதிர்ப் புயல் என்று 3 நிமிட ஓட்டம், செஸ்.கொம்மில் பஸில் ரஷ். உற்சாகமாகத்தான் இருக்கும், ஆனால் அவை கையை வேகமாக்கும், கண்ணை அல்ல. அடிப்படை வடிவங்கள் மனதில் பதியும்வரை தள்ளி வையுங்கள். போட்டி உணர்வு வேண்டும் என்றால் லிசெஸின் புதிர்த் தொடர் நல்லது. நேரக் கட்டுப்பாடு இல்லை, எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும், ஒரு பிழை விட்டால் முடிந்தது. முடிவு தெளிவாக இருப்பதால் போனை மூடி வைக்கவும் எளிது.

ஏழாம் படி: சிக்னல் இல்லாத இடங்களுக்கு

இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், கந்தளாய் தாண்டிக் கல்லோயா வரையில் காட்டுப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். லிசெஸ் செயலியை வீட்டு வைஃபையில் ஒரு தடவை திறந்து புதிர் பகுதிக்குப் போய்விட்டு வந்தால், கொஞ்சப் புதிர்கள் போனிலேயே இறங்கியிருக்கும். தொடர்பு இல்லாமலே போடலாம், முடிவுகள் பிறகு சேர்ந்துகொள்ளும். ரயில் குலுக்கத்தில் விரல் தவறி வேறு கட்டத்தில் படும், அமைப்புகளில் நகர்வை உறுதிசெய்யும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து, சத்தத்தை நிறுத்திவிடுங்கள். எதிர் சீட்டில் யாராவது நித்திரையில் இருப்பார்கள்.

எட்டாம் படி: பிள்ளைகளோடு

பிள்ளையிடம் போனைக் கொடுப்பதற்கு முன் லிசெஸில் சிறுவர் நிலையைப் போட்டுவிடுங்கள். அரட்டையும் தனிச் செய்திகளும் மறைந்துவிடும், முன்பின் தெரியாதவர்கள் பேச்சுக் கொடுக்க முடியாது. கணக்குப் பெயரில் பிள்ளையின் உண்மைப் பெயரோ பாடசாலையோ பிறந்த ஆண்டோ வரக்கூடாது. நேரத்தை மணிக்கணக்கில் சொல்லாமல் புதிர்க் கணக்கில் சொல்லுங்கள், 'இன்றைக்கு ஐந்து புதிர்' என்றால் சண்டை குறையும்.

முடிந்தால் புதிரைத் திரையிலிருந்து உண்மையான பலகைக்கு மாற்றி அடுக்கி, தேத்தண்ணி நேரத்தில் நடுவில் வையுங்கள். அம்மம்மாவுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் ஆடுபுலி ஆட்டம் தெரிந்திருக்கும். புலி தப்ப முடியாமல் ஆடுகளை வைத்து அடைத்துப் பழகியவருக்கு, ராஜா தப்பும் கட்டங்களை எண்ணிக் காட்டினால் உடனே பிடிபடும். விடை தெரிந்தவர் வாயைத் திறக்கக்கூடாது, காயைத் தொடவும் கூடாது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, ஒவ்வொருவர் சொன்ன நகர்வையும் ஆடிப் பாருங்கள், தப்பாகச் சொன்னவருடையதை முதலில்.